நைட் ஷிஃப்ட் மணிக்கணக்கு எக்செலில் எங்கே தப்பும்?

கங்கைகொண்டான் சிப்காட் கம்பெனியானாலும் நெல்லை டவுனில் அல்வா கிண்டும் பட்டறையானாலும், மணிக்கூலி ஷீட்டில் முதல் தப்பு ஒரு புள்ளியில்தான் தொடங்குகிறது. ஆறரை மணியை நோட்டில் 6.30 என்றே எழுதிப் பழகியிருக்கிறோம். எக்செலுக்கு அது நேரமே இல்லை, 6.3 என்ற வெறும் எண். அது முழு நாளை 1 என்று கணக்கிடுகிறது. காலை 6 மணி 0.25, நண்பகல் 0.5. அந்த 6.3-ஐ நேர ஃபார்மட்டுக்கு மாற்றினால் 7:12 என்று காட்டும், ஏனென்றால் 0.3 நாள் என்பது 7 மணி 12 நிமிடம். கோலன் வைத்து 6:30 என்றே அடியுங்கள். இரவு 10 மணிக்கு 22:00.

ஏற்கெனவே புள்ளி வைத்து நிரப்பிய ஷீட்டைத் திரும்ப அடிக்க வேண்டாம். பக்கத்து நெடுவரிசையில் இப்படிப் போடுங்கள் (பி2 என்பது புள்ளி வைத்த நேரம் உள்ள செல்; ஃபார்முலா எல்லாமே ஆங்கில எழுத்தில்: டைம் TIME, இன்ட் INT, ரவுண்ட் ROUND, மாட் MOD):

=டைம்(இன்ட்(பி2), ரவுண்ட்(மாட்(பி2,1)*100,0), 0)

ரவுண்டை விட்டுவிடாதீர்கள். கணினிக்குள் அந்த 30 என்பது 29.9999... என்று நிற்கும், டைம் தசமத்தை வெட்டிவிடுவதால் ஒரு நிமிடம் குறையும்.

அடுத்தது நடுராத்திரி. பி2-இல் 22:00, சி2-இல் 6:30 இருக்க, சி2-பி2 என்று கழித்தால் விடை மைனஸ். செல் முழுக்க ##### வரும். நெடுவரிசையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் போகாது. =மாட்(சி2-பி2,1) போட்டால் 8:30 சரியாக வரும், பகல் ஷிஃப்டுக்கும் இதுவே போதும். அரை மணி டீ இடைவேளையைக் கழிக்க 0.5 போடக்கூடாது, அது அரை நாள். டைம்(0,30,0) போடுங்கள்.

இடைவேளை கழிக்காத கணக்கில், ஆறு ராத்திரி 8:30 கூட்டினால் 51 மணி. ஆனால் செல் 3:00 என்று காட்டும். இரண்டு முழு நாளை விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டுகிறது. கஸ்டம் ஃபார்மட்டில் மணிக்கான ஹெச் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் வைத்தால் 51:00 தெரியும்.

கூலிதான் ஆளின் வயிற்றோடு சம்பந்தப்பட்டது, இங்கே கூடுதல் கவனம் வேண்டும். மணிக்கு 75 ரூபாய் என்றால் மொத்த நேரத்தை 24-ஆல் பெருக்கி, பிறகு 75-ஆல் பெருக்குங்கள்: 3,825 ரூபாய். 24-ஐ மறந்தால் வருவது 159.38. விடை செல்லை நம்பர் ஃபார்மட்டுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ரூபாயும் மணியாகத் தெரியும்.

வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டிய நேரம் செல்லின் இடது ஓரம் ஒட்டி நின்றால் அது டெக்ஸ்ட். கூட்டும் சம் (SUM) ஃபார்முலா அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். 10:00பிஎம் என்று சேர்ந்து நின்றால், 10:00-க்கும் பிஎம்-க்கும் நடுவே ஓர் இடம் விட்டு அடியுங்கள், வலது ஓரத்துக்குப் போகும்.