குழந்தையை இழந்த வீட்டில் சடங்குகளை எப்படி நடத்துவது?

பெரியவர் இறந்தால் பதினாறு நாள் துக்கம் காக்கும் வீட்டில், கைக்குழந்தை இறந்தால் பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்துவிட்டு, "பச்சப் புள்ளைக்கு ஏது சடங்கு?" என்று பேச்சை முடித்துவிடுவது தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் உண்டு. பெற்றோரின் வேதனையைக் குறைப்பதாக எண்ணியே அப்படிச் செய்கிறார்கள்; ஆனால் அழுவதற்கென ஒரு நாளும் ஓர் இடமும் இல்லாமல் போவது அந்தப் பெற்றோருக்குத்தான்.

ஆகவே, அடக்கத்துக்கு அவசரப்படாதீர்கள். தாய் மருத்துவமனையில் இருந்தால், குழந்தையை அவர் மடியில் வைத்துப் பார்க்கும்வரை காத்திருங்கள். பார்க்க மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். குளிப்பாட்டுவதும் சட்டை போடுவதும் பெற்றோரின் கைகளாலேயே நடக்கட்டும். பெயர் வைக்கும் முன்பே போய்விட்ட குழந்தையின் காதிலும் ஒரு பெயரைச் சொல்லுங்கள், பின்னாளில் நினைத்து அழைக்க அந்தப் பெயர் வேண்டும்.

பால் ஊற்றும் நாளில்தான் தாய் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறார். பெண்கள் இடுகாட்டுக்கு வரக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னால், தாய்மாமனை முன்கூட்டியே பேச வையுங்கள். அப்படியும் முடியாவிட்டால், பாலைத் தாயே தன் கையால் சொம்பில் ஊற்றிக் கொடுத்தனுப்பட்டும். பிரசவித்த சில நாள்களில் அவருக்கும் பால் சுரந்து மார்பு கட்டிக்கொள்ளும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதை முன்பே சொல்லி, கிராம சுகாதாரச் செவிலியரைப் பார்க்கச் செய்யுங்கள், ஏனெனில் அந்த வலியைத் தனியே தாங்கும் தாயிடம் எந்த ஆறுதலும் போய்ச் சேராது.

வளர்ந்த பிள்ளையென்றால், ஆண்டுதோறும் இறந்த நாளில் படையல் போடலாம். மணமாகாமல் இறந்த பெண்பிள்ளையைக் கன்னித் தெய்வமாகக் கருதிப் பாவாடை, சட்டை, வளையல், பூ வைத்துப் படைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. தின்பண்டத்தைத் தம்பி, தங்கைகளே தேர்ந்தெடுக்கட்டும். அந்தப் பெயரை வீட்டில் சொல்லலாம் என்று அப்போது அவர்களுக்கும் தெரியும். ஆடிப் பதினெட்டில் ஒகேனக்கல் போகும் குடும்பம், அங்கே காவிரியில் குழந்தைக்காக ஒரு பூவை விடலாம். இறந்தவருக்கு நடுகல் நட்ட மண் இது. புதைத்த இடத்தில் ஒரு சிறு கல்லோ செடியோ வைப்பது இங்கே யாருக்கும் புதிதாகத் தோன்றாது.

தோஷம் என்றும் தாயின் ராசி என்றும் சொல்லிச் செய்யச் சொல்லும் பரிகாரங்களை உறுதியாக மறுத்துவிடுங்கள். அவை துக்கத்தின் மேல் பழியையும் கடனையும் ஏற்றுபவை. தந்தையைக் கல் போல நிற்கச் சொல்லாமல், அவருக்கும் அழ இடம் கொடுங்கள். வாரங்கள் கடந்தும் பெற்றோரில் ஒருவர் உண்ணாமல், உறங்காமல் இருந்தாலோ சாவைப் பற்றியே பேசினாலோ, 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண்ணை அன்றே அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.