நாகப்பட்டினத்துக்கு ஸ்வெட்டர்: அகதிகளுக்கு உதவும்போது தவிர்க்க வேண்டியவை

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்கள் அந்தத் துணிமலைகளை மறந்திருக்க மாட்டார்கள். வெளியூர்களிலிருந்து லாரி லாரியாக வந்த பழைய துணி சாலையோரம் குவிந்து கிடந்தது. மீனவர்கள் தொடவில்லை. முந்தின நாள் வரை படகும் வலையுமாக உழைத்துச் சாப்பிட்டவர்கள், யாரோ உடுத்திக் கழித்ததைத் தெருவில் பொறுக்குவார்களா? கடைசியில் அந்தக் குவியலை அள்ளி அப்புறப்படுத்தவே தனியாக ஆள் தேவைப்பட்டது.

எங்கள் தெருவிலிருந்தும் ஒரு மூட்டை போனது. கட்டியவர்களில் நானும் ஒருவன். சேலைகளை மடித்து மடித்து வைத்தோம்; உள்பாவாடை வேண்டுமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஸ்வெட்டர் மட்டும் மூன்று. கடற்கரை ஊருக்கு!

கேட்காமல் அனுப்பியதுதான் தவறு. இன்னும் அதைத்தான் செய்கிறோம். தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களுக்கு உதவி என்றாலே பலருக்கு அரிசி மூட்டைதான் நினைவுக்கு வருகிறது. அங்கே அரிசியும் மாதப் பணக்கொடையும் அரசே தருகிறது. ஒரு குடும்பத்துக்குப் பிள்ளையின் பஸ் செலவு இடித்துக்கொண்டிருக்கும், இன்னொன்றுக்கு ஒழுகும் கூரை. முகாமுக்குள்ளேயே வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். 1984-இல் ஈழ அகதிகளே தங்களுக்காகத் தொடங்கிய ‘ஆஃபர்’ (OfERR) என்ற மறுவாழ்வு அமைப்பு அப்படி உள்ளிருந்து வளர்ந்ததுதான். பொருள்தான் வேண்டும் என்று அவர்களே சொன்னால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். மற்றபடி பணமே மேல். பக்கத்துக் கடையில் வாங்கினால் லாரி வாடகை மிச்சம், அந்த ஊர் வியாபாரிக்கும் நாலு காசு.

அடுத்தது, ‘நான் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் நேராகச் சோற்றுக்கே போக வேண்டும்’ என்று பிடிவாதம் பிடிப்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சூடானைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 15 அன்று ராணுவத்துக்கும் துணைப்படைக்கும் சண்டை மூண்டதும், அந்தந்தப் பேட்டை இளைஞர்களே ‘அவசர உதவி அறைகள்’ என்று கூடி, பொதுச் சமையல் போட ஆரம்பித்தார்கள். பெரிய பாத்திரத்தில் அவரைப் பயறோ பருப்போ வேகும். வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் வேறெங்கிருந்தோ உயிர் பிழைத்து ஓடிவந்தவர்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் அனுப்பும் பணம், ‘பாங்கக்’ என்ற கைப்பேசிச் செயலி வழியாக வந்து சேரும். ஆனால் ஊரில் ரொக்கத்துக்குத் தட்டுப்பாடு. செயலியில் இருப்பதை நோட்டாக மாற்ற வியாபாரி கமிஷன் பிடிப்பார். 2024 பிப்ரவரியில் நாடு முழுக்க இணையம் அறுந்தபோது பல அடுப்புகள் அணைந்தே போயின. அப்புறம் விறகு, தண்ணீர் வண்டி, செயற்கைக்கோள் இணையம் என்று எல்லாமே செலவுதான். கணக்கில் ‘நிர்வாகம்’ என்று எழுதினாலும் சோறு வேகுவது அதில்தான். நிர்வாகச் செலவே இல்லை என்று ஒரு குழு சொன்னால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். யாரோ ஒரு தொண்டர் தன் கைக்காசைப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம், அல்லது கணக்கு சரியில்லை.

டொராண்டோ, லண்டன் உறவுகள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இந்தியத் தொண்டு அமைப்பு வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடியக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும். ‘சின்னத் தொகைதானே’ என்று பதிவில்லாத குழுவின் கணக்கில் போட்டால், மாட்டிக்கொள்வது அந்தக் குழுதான். உள்ளூர்க்காரர்களுக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. ஆனால் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காது.

படம் கேட்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வரிசையில் நிற்க வைத்து, கையில் பையைக் கொடுத்து, பேனர் தெரியும்படி ஒரு கிளிக். போருக்குத் தப்பி வந்தவருக்கு முகம் வெளியில் தெரிவதே ஆபத்தாக முடியலாம். ஊரில் விட்டுவந்த சொந்தங்களுக்கும்தான். கடை ரசீதின் படம் போதாதா? எத்தனை கிலோ, என்ன விலை, என்ன தேதி எல்லாம் அதில் இருக்கிறது.

டிவியில் காட்டும் வாரம் மட்டும் கொடுப்பதும் இன்னொரு வழக்கமான தவறு. முதல் வாரம் பணம் கொட்டும், ஆறாம் மாதம் போன் எடுக்க ஆள் இருக்காது. சமைக்கிற குழுவுக்கு அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் பருப்பை மூட்டையாகப் பேசி வாங்க முடியும். தெரியாவிட்டால் அன்றன்றைக்குச் சில்லறை விலைதான். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் உதவிப் பணத்தை நிறுத்தியதும் சூடானில் நூற்றுக்கணக்கான பொதுச் சமையலறைகள் மூடின. தாக்குப்பிடித்த பல இடங்களில் அடுப்பை எரிய வைத்தது, வெளிநாட்டு சூடானியர்கள் தொடர்ந்து அனுப்பிவந்த சிறு சிறு தொகைகள்.