இன்ட்ரஸ்ட் எல்லாம் வட்டி அல்ல

காரைக்குடியில் இருந்துகொண்டு ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்கிக் கொடுப்பது என் தொழில். சென்ற மாதம், தொழில் பழக வந்திருக்கும் இளைஞர் ஒருவர் காட்டிய வரைவில், இருபது ஆண்டுகளுக்கு முன் நான் சறுக்கிய அதே சொல்லில் அவரும் சறுக்கியிருந்தார். அந்தச் சொல் இன்ட்ரஸ்ட். பள்ளிக்கூடத்தின் மேல் ஒருவர் மிகுந்த ஆர்வம் கொண்டிருந்தார் என்பதை 'மிகுந்த வட்டி வாங்கினார்' என்று எழுதினால் படிப்பவரே சிரித்துத் திருத்திக்கொள்வார். அத்தகைய பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன். படிப்பவருக்குச் சந்தேகமே எழாதபடி பொருந்தி உட்கார்ந்துவிடும் பிழைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சொத்துப் பத்திரத்தில் வட்டி என்று எழுதுவது

எங்கள் பக்கத்தில் இந்தப் பிழை எளிதில் நேர்வதற்குக் காரணம் உண்டு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போய் லேவாதேவி செய்தவர்களின் ஊர்கள் இவை. நடப்பு வட்டி, தவணை வட்டி என்று வட்டிக்கே வகைவகையாகப் பெயர் வைத்திருந்தார்கள். பழைய பெட்டிகளிலிருந்து வரும் ஆங்கிலக் காகிதங்களில் இன்ட்ரஸ்ட் என்று கண்டால் பத்தில் எட்டு இடத்தில் வட்டிதான். மீதி இரண்டு இடத்தில்தான் வீடு போகும்.

என்னிடம் வந்தது பினாங்கில் வாழ்ந்த ஒருவரின் விடுதலைப் பத்திர வரைவு, அதாவது பொதுச் சொத்தில் தம் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம். இங்கே அவருடைய பெரியம்மாவின் குடும்பத்துக்கும் அவருக்கும் பொதுவில், முகப்பும் வளவும் இரண்டாங்கட்டுமாக ஒரு பெரிய வீடு இருந்தது; அதன் மேல் பழைய கடன் ஒன்றும் இருந்தது. முதல் பத்தி முழுவதும் அந்தக் கடனையும் அதற்கான வட்டியையும் பேசியது. அடுத்த பத்தியில், வீட்டில் தமக்குள்ள 'ரைட், டைட்டில் அண்ட் இன்ட்ரஸ்ட்' அனைத்தையும் விட்டுக்கொடுப்பதாக அவர் எழுதியிருந்தார். முந்தைய பத்தியின் சூட்டில் நான் அதையும் வட்டி என்றே எழுதினேன். ரைட்டும் டைட்டிலும் ஒன்றுதானே என்று எண்ணி இரண்டையும் சேர்த்து 'உரிமைப்படி' என்று ஒரே சொல்லில் முடித்ததுதான் இன்னும் மோசம். 'வீட்டின் மேல் எனக்கு உரிமைப்படி வரவேண்டிய வட்டி அனைத்தையும் விட்டுக்கொடுக்கிறேன்' என்ற வாக்கியத்தில் எங்கும் இடறவில்லை. அதனால்தான் ஒருவருக்கும் ஐயம் வரவில்லை.

அந்தப் பெரியம்மா ஆச்சி அதைப் படித்துவிட்டு என்னை அழைத்தார். "ஏன் தம்பி, வட்டியை மட்டும் விட்டுக் குடுத்திருக்கான், பங்கை வச்சுக்கிட்டானே? இதுக்கா நான் அம்புட்டுப் பணம் குடுக்கணும்?" என்று கேட்டார். அப்போதும் நான் மூலத்தைத் திரும்பப் பார்க்காமல், வரைவில் அப்படித்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவர் பணத்தை நிறுத்தினார். பினாங்கிலிருந்தவர், பேசிய பேச்சை மாற்றுகிறார்கள் என்று கோபித்துக்கொண்டார். வீட்டை வாங்க முன்பணம் கொடுத்திருந்தவர் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். பிழை என்னுடையது என்று தெரிந்து, திருத்திக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டேன். அதற்குள் இரு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை நின்றிருந்தது. முன்னோருக்குப் படையலிட்டுக் குடும்பமே கூடும் படைப்பு அடுத்து வந்தபோதுகூடப் பினாங்கிலிருந்து யாரும் வரவில்லை.

இன்ட்ரஸ்ட் என்பது இலத்தீனில் 'இடையில் இருத்தல்' என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. ஒரு பொருளில் நமக்கு இருக்கும் தொடர்பே அதன் அடிப்படை. கடனைத் திருப்பாததால் நேர்ந்த நட்டத்துக்கு ஈடு என்ற வழக்கின் வழியாகவே அது வட்டியையும் குறிக்க வந்தது. சொத்தைப் பற்றிய வாசகத்தில் அதற்கு நம் பத்திர எழுத்தர்கள் வழிவழியாக எழுதிவரும் 'பாத்தியதை', அதாவது சொத்தில் ஒருவருக்குள்ள உரிமை, என்ற சொல்லைவிடப் பொருத்தமானதை நான் காணவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 58ஆம் பிரிவில் அடமானத்துக்கு இலக்கணம் சொல்கிறது: கடனுக்கு ஈடாக, குறிப்பிட்ட அசையாச் சொத்தில் ஓர் இன்ட்ரஸ்ட்டை மாற்றிக் கொடுப்பது அடமானம், அசலும் இன்ட்ரஸ்ட்டும் சேர்ந்தது அடமானப் பணம். ஒரே உட்பிரிவில் முதலில் வருவது பாத்தியதை, பின்னால் வருவது வட்டி. பழக வருபவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பயிற்சி இந்த உட்பிரிவுதான். சென்ற மாத இளைஞரும் அதைச் செய்து முடித்தவர் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

முன்னிடைச் சொல்லைப் பாராமல் விடுவது

இன்ட்ரஸ்ட்டை அடுத்து 'ஆன்' வந்தால் பெரும்பாலும் வட்டி. 'இன்' வந்தால் பாத்தியதை, பங்கு, ஆர்வம் ஆகியவற்றுள் ஒன்று. எது என்பதை, பின்னால் வருவது வீடா, கடையா, சங்கீதமா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். கூட்டு வணிகக் கடையில் ஒருவருக்குள்ள இன்ட்ரஸ்ட் பங்கு. அங்கே ஆர்வம் என்று எழுதினால் அவருடைய முதலீடே காணாமல் போகும்.

நலனை மறப்பது

அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் உறுப்பில் பொதுமக்களின் 'இன்ட்ரஸ்ட்ஸ்' என்று வருவது பொதுமக்களின் நலன். அவர்களுடைய ஆர்வம் அன்று. 'கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்பதை 'ஆர்வ மோதல்' என்று எழுதிக்கொண்டு வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது நல முரண்.

வெஸ்டட் இன்ட்ரஸ்ட்

செய்தித்தாளில் வந்தால் சுயநலக் கும்பல். சொத்து மாற்றுச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் வந்தால் ஏற்கெனவே உறுதிப்பட்ட உரிமை. அதில் வசை எதுவும் இல்லை.

டிஸ்இன்ட்ரஸ்டட்

சார்பற்றவர் என்று எழுத வேண்டும். உயில் ஒன்றின் தமிழாக்கத்தில் சாட்சியை 'அக்கறையற்றவர்' என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, கையொப்பமிட வந்த பெரியவர், அக்கறை இல்லை என்றால் தம்மை எதற்கு வெயிலில் வரச் சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டுப் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.