இறைச்சிக் குட்டிக்கு மேச்சேரி இனம்: பார்த்து வாங்குவதும் பராமரிப்பதும்

செம்மறி வாங்கும்போது கிடாவின் உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு பெட்டை ஈனும் குட்டிகளில் எத்தனை மூன்று மாதம் தாண்டி நிற்கின்றன, அதற்குத் தீவனச் செலவு என்ன என்பதே கணக்கு. சேலம், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கத்து மானாவாரி மேய்ச்சலுக்கு இந்தக் கணக்கில் மேச்சேரிதான் கட்டுபடியாகும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் என்றால் சென்னைச் சிவப்பு இனத்தை எடுங்கள். அது அந்த மண்ணின் ஆடு.

மேச்சேரிக்கு வெளிர் பழுப்பு நிறம், குட்டை முடி. கிடாவுக்கும் கொம்பு இருக்காது. கம்பளி இல்லை என்பதால் கத்தரிப்பு வேலையும் இல்லை. கொறங்காட்டில், அதாவது உயிர்வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப்புல் காய்ந்த பிறகும், உதிர்ந்த வெள்வேலங்காயைத் தின்று உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளும். தோலுக்கும் நல்ல பெயர் உண்டு. ஆனால் உயிரோடு விற்கும்போது அந்த மதிப்பு வளர்ப்பவர் கைக்கு வருவதே அரிது. பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் ஈனும். வறண்ட காட்டில் மேயும் தாயின் பால் ஒரு குட்டிக்கே சரியாக இருக்கும் என்பதால், இதைக் குறையாகச் சொல்ல மாட்டோம்.

பெட்டையை இரண்டு பல், நான்கு பல் பருவத்தில், அதாவது பால்பல் விழுந்து இரண்டோ நான்கோ நிலைப்பல் முளைத்திருக்கும்போது வாங்குங்கள். மடியை அழுத்திப் பார்க்க வேண்டும். கட்டி தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருந்தால் குடற்புழு இருக்க வாய்ப்பு அதிகம். கிடாவுக்கு ஒன்றரை வயதாவது ஆகியிருக்க வேண்டும். விதைகள் இரண்டும் ஒரே அளவில், கெட்டியாக இருக்க வேண்டும். 25 முதல் 30 பெட்டைக்கு ஒரு கிடா போதும். இரண்டு ஆண்டில் கிடாவை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் மகள்களோடே சேர்ந்துவிடும். எடை கூடும் என்று உயரமான வேற்றினக் கிடாவைச் சேர்த்தால், தலைச்சன் பெட்டை குட்டி போடத் திணறும். பிறக்கும் கலப்புக் குட்டிக்குக் காட்டு மேய்ச்சல் மட்டும் பற்றாது.

ஆனி, ஆடியில் கிடா சேர்த்தால் ஐந்து மாதத்தில், மழைக்குப் பிந்திய புல் இருக்கும்போது குட்டி விழும். சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்தும், சினையின் கடைசி ஆறு வாரமும் பெட்டைக்குத் தினம் 250 கிராம் அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது) கொடுங்கள். பின்னதைத் தவறவிட்டால் குட்டி மெலிந்து பிறக்கும், தாய்க்குப் பாலும் இறங்காது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குட்டி சீம்பால் குடித்தாக வேண்டும். தொப்புளில் அயோடின் தடவுங்கள். தரை ஈரமாக இருந்தால் மார்கழிக் குளிரில் சளி பிடித்துக் குட்டிகள் சாகும். மூன்றாம் வாரத்திலிருந்து குட்டிக்குத் தனித்தீவனம் வையுங்கள். 90ஆம் நாள் பாலை மறக்கடிக்கலாம்.

மழை பெய்து இளம்புல் தளிர்த்ததும் பட்டியை அப்படியே திறந்துவிடாதீர்கள். வயிறு முட்டத் தின்ற கொழுத்த குட்டிதான் துள்ளுமாரி என்னும் குடல் நச்சு நோயில் முதலில் சாகும். மழைக்கு முன்பே அதற்கான தடுப்பூசி போட்டுவிட்டு, முதல் சில நாள் காலையில் காய்ந்த சோளத்தட்டு போட்ட பிறகு மேய்ச்சலுக்கு ஓட்டுங்கள்.