முப்பது சிஸ்டத்துக்கு ஒரே ஃபைலைக் கொண்டுசேர்ப்பது எப்படி

நான் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டன்ட். ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் உபுண்டுவும் பாடத்துக்கான மென்பொருள்களும் சேர்ந்த 5 ஜிபி ஃபைல் ஒன்றை 30 சிஸ்டத்திலும் போட்டாக வேண்டும். முதல் வருடம் இரண்டு பென்டிரைவோடு வரிசை வரிசையாக நடந்தேன். அடுத்த வருடம், என் மேசை சிஸ்டத்தில் ஃபோல்டரை ஷேர் செய்துவிட்டு எல்லாரையும் காப்பி செய்துகொள்ளச் சொன்னேன். இருபது பேருக்கு மேல் உள்ளே விடாத ஏற்பாடு அது என்று எனக்குத் தெரியாது. இருபத்தோராவது மாணவன் "சார், எரர் வருது" என்றான். உள்ளே போன இருபது பேருக்கோ பச்சைப் பட்டை நகர மறுத்தது.

கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். சிஸ்டங்களை இணைக்கும் எங்கள் நெட்வொர்க் ஸ்விட்ச் 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்குச் சுமார் 12 எம்பி. முப்பது பேருக்கும் சேர்த்து 150 ஜிபி என் ஒரே கேபிள் வழியாக வெளியேற வேண்டும். மூன்றரை மணி நேரம்! அந்த நேரம் முழுக்க மற்ற முப்பது கேபிள்களும் வாங்குகின்றனவே தவிர, எதையும் அனுப்பவில்லை. ஃபைலைத் துண்டு துண்டாக்கி, வாங்கிய துண்டை வாங்கியவனே பக்கத்துச் சிஸ்டத்துக்குக் கொடுத்தால் என்ன? பியர்-டு-பியர் என்பது அவ்வளவுதான். கொடுப்பவன், வாங்குபவன் என்று தனித்தனியாக யாரும் கிடையாது.

இதற்கு நான் பயன்படுத்துவது க்யூபிட்டொரன்ட், பிட்டொரன்ட் என்ற பியர்-டு-பியர் முறையில் ஃபைலைப் பகிரும் மென்பொருள். இலவசம், விளம்பரம் கிடையாது. எல்லாச் சிஸ்டத்திலும் நிறுவிவிடுங்கள். முதல்முறை திறக்கும்போது ஃபயர்வால் அனுமதி கேட்கும். பாதிப் பேர் படிக்காமலே "கேன்சல்" அழுத்துவார்கள். அப்புறம் அந்தச் சிஸ்டத்துக்கு மற்றவர்களிடமிருந்து இணைப்பு வராது. அதனால் அதை நானே ஒரு சுற்று வந்து பார்த்துவிடுவேன்.

அடுத்து ட்ராக்கர், அதாவது சிஸ்டங்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க உதவும் சர்வர். யாரிடம் எந்த ஃபைல் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தத் துறையின் வரலாறே இந்த ஒரு கேள்விதான். 1999இல் ஷான் ஃபேனிங் என்ற கல்லூரி மாணவர் கொண்டுவந்த நாப்ஸ்டரில் பாட்டு ஆளுக்கு ஆள் நேராகப் போனது, ஆனால் பாட்டுப் பட்டியல் நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. வழக்கு வந்தது, 2001 ஜூலையில் சர்வரை நிறுத்தினார்கள், எல்லாம் நின்றது. 2000 மார்ச்சில் வந்த நூடெல்லாவில் நடு சர்வரே இல்லை. பக்கத்தில் இருப்பவரைக் கேள், அவர் தன் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார் என்று ஏழு கை வரை கேள்வி பரவும். கூட்டம் பெருகியதும் கேள்விகளே கம்பியை அடைத்துக்கொண்டன.

2001இல் பிட்டொரன்டை எழுதிய பிராம் கோஹன் செய்தது எனக்குப் பிடித்த காரியம்: தேடும் வேலையையே கைவிட்டார். ஃபைலை எங்கே கண்டுபிடிப்பது என்பது உன் பாடு, ஒரு ஃபைலை ஆயிரம் பேருக்கு வேகமாகச் சேர்ப்பதை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பிரித்துவிட்டார். ட்ராக்கருக்கு இங்கே வேலை குறைவு. இந்த ஃபைலுக்காக இப்போது யார் யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்வதோடு சரி.

லேபுக்கு வெளி ட்ராக்கர் வேண்டாம். க்யூபிட்டொரன்ட் அமைப்புகளில் "அட்வான்ஸ்டு" பகுதிக்குப் போய் "எம்பெடட் ட்ராக்கர்" என்பதை டிக் செய்யுங்கள். போர்ட் 9000 என்று இருக்கும். உங்கள் சிஸ்டத்துக்கு நிலையான ஐபி கொடுத்துவிடுங்கள். ஒருமுறை நான் இதை மறந்து, மதியம் ரீஸ்டார்ட் ஆனதும் ஐபி மாறி, முப்பது பேரும் இல்லாத முகவரியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது "டூல்ஸ்" மெனுவில் "டொரன்ட் கிரியேட்டர்". ஃபைலைக் காட்டி, துண்டின் அளவு 4 எம்பி என்று வையுங்கள். ஃபார்மட் கேட்டால் வி1 போதும். ட்ராக்கர் கட்டத்தில் எச்டிடிபி முகவரியாக உங்கள் ஐபி, முக்காற்புள்ளி, 9000, சாய்கோடு, அனவுன்ஸ். "பிரைவேட்" என்பதையும் டிக் செய்யுங்கள், ஃபைல் லேபைத் தாண்டாது. டிக் செய்தால் டிஎச்டி அணைந்துவிடும். ட்ராக்கரே இல்லாமல் உறுப்பினர்களே முகவரிப் புத்தகத்தைப் பங்குபோட்டு வைத்துக்கொள்ளும் முறை அது. பெட்டர் மேமுன்கோவ், டேவிட் மஸியேர் இருவரும் 2002இல் வெளியிட்ட கடெம்லியா முறையின் அடிப்படையில் 2005இல் பிட்டொரன்டுக்குள் வந்தது. இணையத்தில் அது பெரிய வரம், நம் லேபுக்கு அவசியமில்லை.

கிடைக்கும் டொரன்ட் ஃபைல் (உண்மையான ஃபைலைப் பற்றிய குறிப்பு மட்டும்) வெறும் 25 கேபி சொச்சம். சுமார் 1,280 துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் 20 பைட் கைரேகை. பக்கத்துச் சிஸ்டத்திலிருந்து பழுதான துண்டு வந்தால் கைரேகை பொருந்தாது. தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கேட்கும். இந்தச் சின்ன ஃபைலைப் பழைய ஷேர் ஃபோல்டரிலேயே போட்டுவைக்கலாம். நொடியில் எடுத்துக்கொள்வார்கள், இருபது பேர் வரம்பும் உறைக்காது.

எல்லாரும் திறந்ததும் "பியர்ஸ்" பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள், மாணவர்களுக்குப் பாடமே அதுதான். ஒவ்வொரு சிஸ்டமும் மிகக் குறைந்த பேரிடம் இருக்கும் துண்டை முதலில் எடுக்கும். அதனால் எந்தத் துண்டும் ஒரே இடத்தில் முடங்காது. யாருக்குக் கொடுப்பது என்பதில் மொய் நோட்டுக் கணக்குதான். எனக்கு நிறையச் செய்தவருக்கு நான் திருப்பிச் செய்வேன், பத்து நொடிக்கு ஒருமுறை நோட்டைப் புரட்டிப் பார்ப்பேன். ஆனால் புதிதாக வந்தவனிடம் திருப்பிக் கொடுக்க ஒன்றுமே இருக்காதே? அதற்காக முப்பது நொடிக்கு ஒருமுறை யாராவது ஒருவருக்குச் சும்மா கொடுத்துப் பார்க்கவும் கோஹன் வழி வைத்திருந்தார்.

நூறு சதவீதம் ஆனவர்கள் மூடக் கூடாது. இதை நான் போர்டில் எழுதியே போடுவேன். சீட் செய்ய, அதாவது முழு ஃபைலையும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கொடுக்க, ஆள் இருந்தால்தான் கடைசி வரிசைக்குச் சீக்கிரம் முடியும். எங்களுக்குப் போன செமஸ்டரில் மொத்தம் 25 நிமிடம். கேபிள் கணக்குப்படி ஏழு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டும், எங்கள் பழைய ஹார்டு டிஸ்க்குகள் அவ்வளவு வேகமாக எழுதாது.

டொரன்ட் என்றாலே திருட்டுப் படம் என்று எங்கள் முதல்வர் முகம் சுளித்தார். டெபியன், உபுண்டு, லிப்ரெஆபிஸ் எல்லாமே தங்கள் தளத்தில் டொரன்ட் கொடுக்கின்றன என்று காட்டியதும் கையெழுத்துப் போட்டார்.

எல்லாருக்கும் முடிந்ததும் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். நீக்கும்போது "ஃபைலையும் சேர்த்து அழிக்கவா" என்று ஒரு டிக் பெட்டி வரும். அதைத் தொடக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். எங்களிடம் ஒருவன் தொட்டான். மற்றவர்கள் இன்னும் மூடாமல் இருந்ததால், அவன் டொரன்டை மறுபடி திறந்து ஒரு டீ குடித்து வருவதற்குள் 5 ஜிபியும் திரும்ப வந்து சேர்ந்திருந்தது.