நாலாம் தளம் ஏத்துன கப்பல்: மரத்துல செஞ்சு மிதக்க விட்டுப் பாக்குறது எப்படி?

கோயம்புத்தூர் கணபதியில, இரும்பு வார்க்குற வார்ப்பாலைகளுக்கு மரப் பேட்டர்ன் (அச்சு எடுக்குற மாதிரி உருவம்) செதுக்குறவனுங்க நான். ஸ்பெயினோட பெரிய போர்க்கப்பல் ‘சாந்தீசிமா திரினிதாத்’ ஏன் அப்படித் தள்ளாடுச்சுன்னு கையில தொட்டுத் தெரிஞ்சுக்கத்தான் இதைச் செஞ்சேன். உளி புடிக்கத் தெரிஞ்சாப் போதும்.

1769-ல கியூபாவின் ஹவானாவுல அதைக் கடல்ல இறக்குனாங்க. நீளம் சுமார் 61 மீட்டர், அகலம் 16. நூத்துல ஒரு பங்குன்னு வச்சு, 61 சென்டிமீட்டர் நீளம், 16 அகலம், 2 சென்டிமீட்டர் தடிமன்ல மாம்பலகை 8 எடுத்துக்குங்க. ஒவ்வொண்ணையும் கப்பல் வளைவுக்கு அறுத்து, அடி ரெண்டை விட்டு மத்ததுக்கெல்லாம் ஒன்றரை சென்டிமீட்டர் சுவர் நிக்கிறாப்புல நடுவை எடுத்துருங்க. அடுக்கி, தண்ணி தாங்குற பசை போட்டு, ராத்திரி பூரா கிளாம்புல விடுங்க. காலையில படிக்கட்டாட்டம் நிக்கிற விளிம்பை உளியில எடுத்து உப்புத்தாள் போடுங்க.

மொத தடவை வார்னிஷை வெளிய மட்டும் அடிச்சேன். ரெண்டே நாள்ல ஒட்டு விட்டுப்போச்சு. உள்ளயும் ரெண்டு கை அடிச்சுருங்க.

பாய்மரத்துக்கு மூங்கில், குறுக்குக் கழிக்குச் சீமாத்துக்குச்சி. கழட்டி மாட்டுற மாதிரி வைங்க.

இனித்தான் முக்கியம். தொட்டியில விட்டு, அடியில இருந்து 8 சென்டிமீட்டர் முங்குற வரைக்கும் உள்ள இரும்புத் துண்டு போடுங்க. கனம் அடியில இருக்குறதால, விரலால சாச்சு விட்டா வெடுக்குனு நிமிரும். 36 ராத்தல் குண்டு போடுற கனத்த பீரங்கியெல்லாம் அடித்தளத்துல இருந்த மூணு தளக் கப்பல் அது.

1795-ல முன்மேடையையும் பின்மேடையையும் சேத்து நாலாவது தளம் போட்டாங்க. பீரங்கி 130-க்கு மேல போச்சு. நீங்களும் ஒரு பலகையில ரெண்டு ஓரமும் ஆணி வரிசையா அடிச்சு மேல வைங்க. இப்பச் சாச்சா, வைக்கோல் பாரம் ஏத்துன வண்டியாட்டம் யோசிச்சு யோசிச்சுத்தான் நிமிருது. அடி வரிசைப் பீரங்கி வாசல் தண்ணியைத் தொடுற எடத்துல பென்சில்ல கோடு போடுங்க. அந்தக் கோட்டைப் பாத்தன்னிக்கு எனக்கு மனசு கனத்துப்போச்சு. அத்தனை பேர் உசுரும் அதுக்கு மேலதானே இருந்துச்சு!

கடைசியாப் பாய்மரத்தைக் கழட்டிருங்க. 1805 அக்டோபர் 21, பிரிட்டிஷ்காரங்களோட பிரெஞ்சு, ஸ்பெயின் கப்பல்கள் மோதுன டிரஃபால்கர் கடல் சண்டை முடிஞ்சப்ப அது நின்ன கோலம் இதுதான். பிரிட்டிஷ்காரங்க புடிச்சு இழுத்துட்டுப் போனாங்க, புயல் விடல. 24-ம் தேதி அவங்களே முங்க விட்டுட்டாங்க.

செஞ்ச கப்பலை நெழல்ல கவுத்துக் காய வைங்க. வெயில்ல வச்சா வெடிச்சுரும்.