வண்டி எப்படி என்று கேட்காதீர்கள்

என் அண்ணன் மகன் வள்ளியூரில் இருக்கிறான். நெடுந்தூரம் போகிற அட்வென்ச்சர் பைக் ஒன்று வாங்க வேண்டும் என்று நான்கு மாதமாக ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். பக்கத்துக்குப் பக்கம் நடுவே கோடு. இடப்பக்கம் ‘பிடித்தது’, வலப்பக்கம் ‘பிடிக்காதது’. பெங்களூரில் ஒருவர், கோவையில் இருவர், சென்னையில் ஒருவர் என்று வண்டி வைத்திருப்பவர்களிடம் போனில் கேட்டுக் கேட்டு எழுதியது. ஒரே வண்டியின் இருக்கையை ஒருவர் மெத்தை என்றிருந்தார், இன்னொருவர் பலகை என்றிருந்தார். “இதில் யார் சொல்வது உண்மை, சித்தப்பா?” என்றான். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். சொன்னவர்களின் எடை என்ன, உயரம் என்ன, ஒரே மூச்சில் எத்தனை கிலோமீட்டர் போனார்கள் என்று நோட்டில் ஒரு வரி இல்லை.

நான் பணகுடிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் 18 வருடமாக இருக்கிறேன். இரவுப் பணி முடித்துப் போகிறவரிடம் “மெஷின் எப்படி ஓடியது?” என்று கேட்டால் “நன்றாக ஓடியது” என்றுதான் பதில் வரும். “இரண்டு மணிக்கு எண்ணெய்ச் சூடு எவ்வளவு? எத்தனை தடவை தானாக நின்றது?” என்று கேட்டால் தலையைச் சொறிந்துகொண்டு உண்மையைச் சொல்வார். பைக் வைத்திருப்பவரிடமும் அப்படித்தான் கேட்க வேண்டும். வண்டியைப் பற்றி எழுதும் முன் ஆளைப் பற்றி எழுதுங்கள். உயரம், எடை, வண்டி ஓடிய கிலோமீட்டர், பின்னால் யார் உட்காருவார், பெரும்பாலும் எந்தச் சாலை. 2,000 கிலோமீட்டர் ஓட்டியவர் சொல்லும் புகழ்ச்சி, மறுவீடு முடியாத மாப்பிள்ளை மாமியார் வீட்டைப் பற்றிச் சொல்வது மாதிரி. முதல் டயர் தேய்ந்து, செயினும் ஸ்ப்ராக்கெட்டும் ஒரு தடவை மாற்றியவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள்.

முதலில் உயரம். நான் ஐந்தடி ஐந்து அங்குலம். பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 இன் இருக்கை 800 மில்லிமீட்டர். 2023 இல் வந்த 450 இல் 825, வேண்டுமானால் 845 ஆக ஏற்றிக்கொள்ளலாம். சுஸுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 835. 2020 இல் இங்கே வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சர் 855. காகிதத்தில் இவற்றுக்குள் இருப்பது ஐந்தரை சென்டிமீட்டர். காலுக்குத் தெரியும் அது எவ்வளவு என்று. ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டும் முடிவு செய்துவிடாதீர்கள். இருக்கையின் முன்பக்கம் அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் எட்டாது; ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்பதும் சேர்ந்துதான் கணக்கு. ஷோரூமின் பளிங்குத் தரையில் உட்கார்ந்து பார்ப்பதில் பயனில்லை. “டீக்கடை முன்னால், சாலை சரிந்து இறங்குகிற இடத்தில், எந்தக் காலை ஊன்றுவீர்கள்?” என்று வண்டி வைத்திருப்பவரிடம் கேளுங்கள். “அந்த இடத்தில் நிறுத்த மாட்டேன்” என்று ஒருவர் பாளையங்கோட்டையில் எனக்குப் பதில் சொன்னார். அவர் வண்டியின் இருக்கையைப் பற்றி அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்தது, சாலை. நம் ஊரில் ஒரு வசதி உண்டு. லடாக் போய் வந்தவர் சொல்லும் கதையைக் கேட்டு நாம் வண்டி வாங்க வேண்டியதில்லை. ஒரு வண்டிக்கு வைக்க வேண்டிய எல்லாப் பரீட்சையும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை வரும் தேசிய நெடுஞ்சாலை 44 நாங்குநேரி, வள்ளியூர் வழியாகத்தான் போகிறது. அதில் மணிக்கு 100 கிலோமீட்டரில் அரை மணி நேரம் போனால் ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு உள்ளங்கைக்கு வந்துவிடும். “எந்த வேகத்தில் கை மரத்துப்போகிறது?” என்பது நல்ல கேள்வி. “மரத்துப்போவதே இல்லை” என்கிறவர் அந்த வேகத்தில் போனதில்லை.

காற்றைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்; சோறு போடுவது அதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து இந்தப் பக்கம் பாயும். அதை நம்பித்தான் முப்பந்தலைச் சுற்றி இத்தனை காற்றாலைகள். காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழி போகும் சாலையில் ஆடி மாதப் பிற்பகலில் ஒரு லாரியைத் தாண்டிப் பாருங்கள். லாரியின் மறைவில் இருக்கும்வரை வண்டி அமைதியாக இருக்கும். காற்றுக்கு எதிராகச் சாய்த்துக்கொண்டு வந்த உடம்பு தன்னை அறியாமல் நிமிர்ந்துவிடும். லாரியின் மூக்கைத் தாண்டிய நொடியில் யாரோ தோளில் கை வைத்துத் தள்ளியது போல வண்டி ஓரத்துக்கு நகரும். இங்கே எடை ஒரு பக்கம் உதவுகிறது என்றாலும், அதைவிட முக்கியம் காற்று பிடிக்கிற பரப்பு. உயரமான கண்ணாடித் தடுப்பு, இருபுறமும் அலுமினியப் பெட்டி, பின்னால் இன்னொரு பெட்டி என்று ஏற்றிக்கொண்டால் பாய் கட்டிய வள்ளம் மாதிரிதான். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல், முழங்காலால் டேங்கை அணைத்து, வேகத்தை 60க்குக் குறைத்துப் போவதுதான் வழி. ஆகவே “காற்றில் வண்டி ஆடுமா?” என்று கேட்காதீர்கள். “ஆடி மாதத்தில், பெட்டி மாட்டி, அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா?” என்று கேளுங்கள். தை மாதம் போனவரின் சான்றிதழ் செல்லாது.

மணல் எனக்கு நேரடியாகப் பாடம் நடத்திய இடம். திசையன்விளையிலிருந்து உவரி போகிற வழியில் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார்கள். சாலையை விட்டுக் கொஞ்சம் இறக்கி, சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, பனையோலைப் பட்டையில் வாங்கி இரண்டு மடக்குக் குடித்திருப்பேன். தேரி மண் சிவப்பாக, மாவு மாதிரி இருக்கும். ஸ்டாண்டின் சிறிய பாதம் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. திரும்பிப் பார்த்தபோது வண்டி இடப்பக்கம் படுத்துக் கிடந்தது, கண்ணாடி மண்ணுக்குள். பதநீர்க்காரர் “படுக்கட்டும் அண்ணாச்சி, குடித்துவிட்டுப் போங்கள்” என்றார்.

190 கிலோவுக்கு மேலான வண்டியை முன்னால் குனிந்து தூக்கினால் முதுகுதான் போகும். எஞ்சினை அணையுங்கள். முடிந்தால் கியரில் போடுங்கள், உருளாது. கைப்பிடியைத் தரைப் பக்கமாக முழுவதும் திருப்பிவிடுங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, இருக்கையின் விளிம்பில் இடுப்பு படும்படி குந்துங்கள்; ஒரு கையில் கைப்பிடி, இன்னொரு கையில் பின்புறச் சட்டம். கையால் தூக்காமல் காலால் தள்ளிக்கொண்டே, சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடந்தால் வண்டி எழுந்துவிடும். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை நீட்டிவிடுங்கள். இடப்பக்கம் என்றால் நிமிர்ந்த வேகத்தில் மறுபக்கம் சாயாமல் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். எனக்குப் பதநீர்க்காரர் பிடித்தார். அன்றிலிருந்து உள்ளங்கை அளவு இரும்புத் தகடு ஒன்று என் பெட்டியில் கிடக்கிறது, ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க. எந்த வண்டி வைத்திருப்பவரிடமும் “தனியாக இருந்தபோது விழுந்ததா? யார் தூக்கினார்கள்?” என்று கேட்பது அந்த வண்டியின் எடை எவ்வளவு என்று கேட்பதைவிட நல்லது.

சக்கரத்தில் பெரிய சண்டை நடக்கும். ஹிமாலயன், ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 இரண்டிலும் முன்னால் 21 அங்குல ஸ்போக்ஸ் சக்கரம்; பள்ளத்திலும் மணலிலும் ஏறி உருளும், கொண்டை ஊசி வளைவில் கொஞ்சம் சோம்பலாகத் திரும்பும். வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸில் 19 அங்குல அலாய், டியூப்லெஸ். ஆணி ஏறினால் டியூப்லெஸ் டயரைச் சக்கரத்தோடு வைத்தே பத்து நிமிடத்தில் அடைத்துவிடலாம். டியூப் என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், மெயின் ஸ்டாண்டு இல்லாத வண்டியில் அதற்கு வேறு ஒரு வித்தை வேண்டும். ஆனால் பெரிய பள்ளத்தில் குத்தினால் அலாய் விரிசல் விடலாம். ஸ்போக்ஸ் வளைந்து கொடுக்கும். “கடைசிப் பஞ்சர் எந்த ஊரில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் ஆனது?” என்று கேளுங்கள். இரவு ஒன்பது மணிக்கு நாங்குநேரிக்கு வெளியே நின்றவர் டியூப்பைப் பற்றிச் சொல்வதும், கடை வாசலிலேயே பஞ்சரானவர் சொல்வதும் ஒன்றாக இருக்காது.

செங்கோட்டையிலிருந்து புளியரை தாண்டி ஆரியங்காவு ஏறும் மலைச்சாலை இன்னொரு பரீட்சை. சாரல் நேரத்தில், கனமான லாரிக்குப் பின்னால், இரண்டாவது கியரில் வண்டி திணறுகிறதா என்று கேளுங்கள். முறுக்குவிசையைப் பற்றி வேறு எதுவும் கேட்க வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸைப் பின் சக்கரத்துக்கு மட்டும் அணைக்கும் வசதி இருப்பதாகப் பெருமையாகச் சொல்வார்கள். அது மண் பாதைக்கு. நனைந்த தார்ச்சாலையில் அணைத்து வைக்க வேண்டாம். மாஞ்சோலை ஏறியதாக யாராவது சொன்னால், முதலில் வனத்துறை அனுமதி வாங்கினாரா என்று கேளுங்கள்.

பெட்ரோல் டேங்க் சிறியது என்ற குறையை எங்கள் பக்கத்துக்காரர்கள் தள்ளிவிடலாம். 12 லிட்டர் இருந்தாலும் மதுரை போய்ச் சேர்ந்துவிடுவீர்கள், வழியெல்லாம் பங்க். திரையில் வரைபடம் தெரிவதையும் நான் கணக்கில் எடுப்பதில்லை. எஞ்சின் சூடு மட்டும் கேட்க வேண்டியது. சித்திரை வெயிலில் திருநெல்வேலி வண்ணார்பேட்டை நெரிசலில் விசிறி சுழலும்போது வெந்நீர் ஊற்றியது போல் காற்று எந்தக் காலில் அடிக்கிறது என்று கேளுங்கள். யோசிக்காமல் காலைத் தொட்டுக் காட்டுவார்.

என் வண்டியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதே வண்டி வைத்திருக்கும் பத்துப் பேர் சண்டைக்கு வருவார்கள். ஒரு சிறிய சென்சாருக்காக 26 நாள் அது பணிமனையில் தூங்கியது. அதிலிருந்து நான் யாரிடமும் “சர்வீஸ் நன்றாக இருக்குமா?” என்று கேட்பதில்லை, “வண்டி இல்லாமல் அதிகபட்சம் எத்தனை நாள் இருந்தீர்கள்?” என்கிறேன்.

பின்னால் உட்காருபவரிடம் தனியாகக் கேளுங்கள், கணவர் பக்கத்தில் இல்லாதபோது. இந்த வண்டிகளில் சேலை கட்டி ஒருக்களித்து உட்காருவது நடக்காத காரியம். பெட்டிச் சட்டம் மாட்டுவதற்காகச் சேலைத் தடுப்பைக் கழற்றி எறிந்தவர்கள் நிறைய. பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே இருக்கிறது. என் மனைவி ஒருமுறைதான் கன்னியாகுமரி வரை வந்தாள். திரும்பும்போது வள்ளியூரில் இறங்கி பஸ் ஏறிவிட்டாள்.

இத்தனையும் கேட்ட பிறகும் சிலர் வாயைத் திறக்க மாட்டார்கள். அதற்கு நான் வைத்திருக்கும் வழி, வண்டியில் அவர்கள் காசு போட்டு மாட்டியதைப் பார்ப்பது. ஜெல் மெத்தை இருந்தால் இருக்கை வலித்திருக்கிறது. உயரக் கண்ணாடி இருந்தால் ஹெல்மெட்டில் காற்று அடித்து இரைந்திருக்கிறது. கைப்பிடிக்கு அடியில் உயர்த்தும் துண்டு இருந்தால் எழுந்து நின்று ஓட்டும்போது இடுப்பு வலித்திருக்கிறது. பிறகு, கழற்றி வைத்ததைப் பார்க்க வேண்டும்; அது வண்டியில் இருக்காது, வீட்டுக்குப் பின்னால் இருக்கும்.

போன மாதம் அம்பாசமுத்திரத்தில் ஓர் அரிசி ஆலைக்காரர் மூன்று வருடம் ஓட்டிய வண்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் பையனை அழைத்துக்கொண்டு போனேன். 22,000 கிலோமீட்டர். “ஒரு குறையும் இல்லை தம்பி, என் பிள்ளை மாதிரி வைத்திருந்தேன்” என்றார். வண்டியும் சுத்தமாகவே இருந்தது. கூடுதலாக ஒரு பொருளும் மாட்டவில்லை. பையன் நோட்டைத் திறந்து இடப்பக்கம் எழுத ஆரம்பித்துவிட்டான். “பக்கப் பெட்டி வாங்கவில்லையா அண்ணாச்சி?” என்றேன். “வாங்கினேன், கிடக்கிறது” என்று தவிட்டுக் கிடங்குக்குக் கூட்டிப் போனார்.

ஒரு பெட்டியில் விதைநெல். இன்னொன்றின் மூடியைக் கழற்றி வைக்கோல் போட்டிருந்தார்கள். அதில் ஒரு செங்கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. ஏன் கழற்றினீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. கோழியைப் பார்த்துக்கொண்டே அவராகச் சொன்னார், போன ஆடியில் ஆரல்வாய்மொழியில் ஓரத்துக் கல் வரைக்கும் போய்விட்ட கதையை. பையன் பேனாவை எடுத்தான். எந்தப் பக்கம் எழுதுவது என்று என்னைப் பார்த்தான்.